தண்ணீர்த் தாயின் பலகை

மார்ச் 3, 2015, செவ்வாய்

மழை. லா ஷப்பல் மெட்ரோப் பாலத்தின் கீழே புறா எச்சமும் சேறும். சப்பாத்து ஊறிவிட்டது. நான் வேலை செய்யும் தமிழ் அச்சுக் கடையில் நாள் முழுக்கக் கல்யாண அட்டை, மரண அறிவித்தல், மறுபடி கல்யாண அட்டை. அதே பிள்ளையார், அதே மயில்.

மாலை மார்க்ஸ் டோர்மோய் பக்கம், மரிசோலின் நிலவறை. டொமினிக்கன்காரி. காலையில் அலுவலகங்கள் துப்புரவு, பிறகு மரத்தில் செதுக்கி அச்சடிப்பு. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து போகிறேன். மை உருட்டுவது என் வேலை.

இப்போது வெட்டியிருப்பது அத்தாபேய். வெள்ளையர் கப்பலில் வந்து இறங்குவதற்கு முன் மரிசோலின் தீவில் வாழ்ந்த தாயினோ மக்களின், அவளுடைய முன்னோரின், தண்ணீர்த் தாய். தவளை போலக் காலை மடக்கி, பிள்ளை பெறக் குந்தியிருக்கிறாள். இயந்திரம் கிடையாது. மை பூசிய பலகையில் தாளை விரித்து அதன் முதுகைத் தேய்க்க வேண்டும். மரிசோல் மரக்கரண்டியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் சிரட்டை அகப்பை வாங்கிக் கொடுத்தேன். இப்போது வேறெதையும் தொடமாட்டாள்.

இருபது பிரதி எடுப்பதாகத் திட்டம். ஸ்டாலின்கிராட் பக்கம் ஒரு சின்ன மண்டபத்தில் கண்காட்சி, அவளுடைய முதலாவது. சுவரொட்டி செய்ய ஒரு பிரதி தந்தாள். "உன்னை நம்பித் தருகிறேன்."

மார்ச் 5, வியாழன்

கடைக் கணினியில் ஸ்கான் செய்தேன். சுவரொட்டி நன்றாக வந்திருக்கிறது. தொண்டை நோ.
வாங்க: பால், பனடோல், கறுப்பு மை.

மார்ச் 10, செவ்வாய்

காய்ச்சல் விட்டு வேலைக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

மேசையில் ஒரு பெட்டை பெரியவளான சாமத்திய வீட்டுக்கு அழைப்பிதழ்கள், கட்டுக் கட்டாக. பொன்னிற மை. நடுவில் மரிசோலின் தண்ணீர்த் தாய். அவளுக்குக் கீழே ஒரு தாமரை வைத்திருக்கிறார்கள். நான் கணினியில் விட்டுப்போன கோப்பு.

முதலாளி அண்ணைக்கு ஒரே புளுகம், வாயெல்லாம் பல்.
"எப்பிடி? மயிலைப் பாத்துச் சனத்துக்கும் அலுத்துப் போச்சு."
"அண்ணை, அது மரிசோல் வெட்டினது. அவவைக் கேட்டனீங்களோ?"
"அவவும் எங்கையோ பாத்துத்தானே வெட்டினவ? இன்ரநெற்றிலை பாத்தனான். அந்தச் சனமெல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சாம். இனி ஆர் வந்து கேக்கப் போறது?"

2009இல் இதே வாய்தான் தெருவில் நின்று கத்தியது, எங்கடை சனம் அழியுது, கேக்க ஒருத்தரும் இல்லையோ என்று. பக்கத்தில் நானும் நின்றேன்.

அதற்குள் புறநகர் லா கூர்னெவிலிருந்து தாயும் மகளும், அட்டை எடுக்க.
"நல்ல வடிவு தம்பி. ஆர் இது, லட்சுமியோ?"
பெட்டை எட்டிப் பார்த்துப் பிரெஞ்சில் கத்தினாள். "அம்மா, அது பிள்ளை பெறுகிறது! வெட்கக்கேடு!"
"வாயை மூடு. தாமரையிலை இருந்தால் லட்சுமிதான்."
"ஓமோம், லட்சுமிதான் அக்கா," என்றார் அண்ணை. "பழங்காலத்து டிசைன்."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக என் மேலேயே எரிச்சல்.

மார்ச் 11, புதன்

சொல்லாவிட்டால் மரிசோலுக்குத் தெரியவராது. சாமத்திய வீட்டுக்கு அவளை யார் கூப்பிடப் போகிறார்கள்? இப்படி நினைத்தேன், மெட்ரோவில் நின்றுகொண்டு. சீ. அண்ணையின் நியாயமும் இதுதானே. ஆர் வந்து கேக்கப் போறது.

மார்ச் 12, வியாழன்

மரிசோலிடம் சொல்லிவிட்டேன், அண்ணை சொன்னதையும். ஒரு அட்டையையும் காட்டினேன்.

"எத்தனை?"
"முந்நூறு."
"அழிந்து போய்விட்டோமாமா? என் அம்மா இன்றைக்கும் தாயினோ முறையில் மரவள்ளி துருவி ரொட்டி சுடுகிறாள். பேயா சுடுகிறது?"

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். பிரதிகள் எடுத்து முடிந்ததும் பலகையின் குறுக்கே ஒரு கோடு வெட்டிவிடுவார்கள், இனி எவரும் அச்சடிக்காதபடி. வெட்டிய பலகையிலிருந்து சாட்சிக்கு ஒரே ஒரு பிரதி. அதோடு சரி.

மரிசோல் எடுத்திருந்தது ஏழுதான். உளியைத் தூக்கினாள். கையைப் பிடித்தேன். உதறினாள்.
"இருபதோடு நிறுத்துவேன் என்றேன். உன் முதலாளி முந்நூறு அடித்துவிட்டான். முடிந்தது."

அத்தாபேயின் தோளிலிருந்து தொடை வரை ஒரே இழுப்பு. மரம் கீச்சென்றது. மாதக்கணக்காக வெட்டிய பலகை. உடைக்க வேண்டியது அண்ணையின் இயந்திரத்தை. அது இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

"மை பூசு."

பூசினேன். தாளை விரித்து அகப்பையால் தேய்த்தேன். கறுப்பு உடம்பின் குறுக்கே வெள்ளைக் கோடு. ஈரத்தோடு தாளை என் கையில் தந்தாள்.
"இது உனக்கு. அகப்பையையும் எடுத்துக்கொண்டு போ."

பைக்குள் அகப்பை. வீடு வரை நடந்தேன்.

மார்ச் 14, சனி

வெயில். தெருவில் சனம். கடைக் கண்ணாடி நிறைய மரண அறிவித்தல்கள், நடுவில் கொஞ்ச இடம். கோடு விழுந்த அந்தப் பிரதியை அங்கே ஒட்டினேன், நாலு மூலைக்கும் ஒட்டு நாடா.

மரக்கறிப் பைகளோடு இரண்டு பெண்கள் நின்று அதில் செத்தவரின் பெயரைத் தேடினார்கள். அண்ணை வெளியே வந்தார்.
"டேய், என்னடா இது? ஆற்றை சாவு?"
"நீங்கள்தானே அண்ணை சொன்னியள், எல்லாரும் அழிஞ்சு போச்சினம் எண்டு."

முகம் கறுத்தது. கிழிக்கக் கையை நீட்டினார். பெண்களில் ஒருத்தி பையைக் கீழே வைத்தாள்.
"என்ன தம்பி செய்யிறீர்? செத்தவீட்டு நோட்டீசை ஆரும் கிழிப்பினமோ?"

அண்ணையின் கை கண்ணாடியில் அப்படியே நின்றது.