சார்ந்திருப்பவர்

மார்ச் 3, செவ்வாய்

துணிக்கடை லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு மாமியாரும் மருமகளும். மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்கினேன். கதவு திறந்ததும் ஒருத்தி இடப்பக்கம், ஒருத்தி வலப்பக்கம். உள்ளே ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்.

கையெல்லாம் கிரீஸ். அந்த நேரம் பார்த்து ஃபைல்காரர் போன் செய்தார். வெளிநாடு போகிறவர்களுக்கு மனு நிரப்பிக் கொடுக்கிற மனிதர். "தம்பி, உன் பேப்பர் ரெடி. கையெழுத்துப் போட வா."

என் மனைவி வெளிநாட்டில் நர்ஸ். கல்யாணமான மறுமாதமே கிளம்பிப் போனவள். இப்போதுதான் கணவனை அழைத்துக்கொள்ளும் தகுதி அவளுக்கு வந்திருக்கிறது. போய்ப் பார்த்தால், மனுவின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். ஸ்பான்சர்: மனைவி. சார்ந்திருப்பவர்: நான்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"சாய்ஞ்சிருப்பவரா? நீ எப்படா அவ மேல சாய்ஞ்ச?"

"சார்ந்திருப்பவர்மா."

"ரெண்டும் ஒண்ணுதான். சாப்பிட வா."

மார்ச் 4, புதன்

கூட வேலை செய்கிறவனிடம் சொன்னேன். அவனுக்கு 'சத்தம்' என்று பெயர். வாயைத் திறந்தால் கட்டடம் முழுக்கக் கேட்கும். "பொண்ணை அழைச்சுக்கிட்டுப் போற மாப்பிள்ளையைப் பார்த்திருக்கேன், மாப்பிள்ளையை அழைச்சுக்கிட்டுப் போற பொண்ணை இப்பதான்டா பார்க்கறேன்!" இன்று மாலைக்குள் வட்டாரத்துக்கே தெரிந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

எங்கள் கல்யாணம் நிஜம் என்று காட்டப் போட்டோ வேண்டுமாம். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஃபைல்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் புரட்டினார்.

"ஏன்பா, ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியே நிக்கிறீங்க? அதுவும் வேற வேற பஸ்ஸுக்கு."

என்ன செய்வது? போட்டோக்காரர் "நெருங்கி நில்லுங்க" என்று சொன்னபோதெல்லாம் நடுவில் ஒரு சித்தப்பா வந்து நின்றார்.

ஏப்ரல் 18, சனி

அடுத்தது, நாங்கள் போனில் அனுப்பிக்கொண்ட செய்திகள். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். பிரிண்ட் கடைப் பெண் பாதியில் மெஷினை நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்பப் போட்டுட்டேன் போலிருக்கு."

வாங்கிப் பார்த்தேன். இல்லை. எல்லாம் வேறு வேறு நாள்தான்.

சாப்பிட்டீங்களா?
சாப்பிட்டேன். நீ?
சாப்பிட்டேன்.
சரி.
சரி.

மே 12, செவ்வாய்

இன்று நேர்காணல். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். மனைவிக்குப் பிடித்த நிறம்? சொன்னேன். கூடப் பிறந்தவர்கள்? கடகடவென்று சொன்னேன். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

அப்புறம், "சேர்ந்த பிறகு என்ன திட்டம்?" என்று கேட்டார்கள்.

இதற்காகத்தானே காத்திருந்தேன்! கொஞ்ச வருஷம் அங்கே இருப்போம், திரும்பி வந்து சொந்தமாக லிஃப்ட் சர்வீஸ் ஆரம்பிப்பேன், மனைவி வேலையை விட்டுவிட்டுக் கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்வாள் என்று நீளமாகச் சொல்லி முடித்தேன். அதிகாரி தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

"உங்க மனைவி வேற மாதிரி எழுதியிருக்காங்க, சார்."

எப்படி என்று கேட்டேன். அதைச் சொல்லக் கூடாதாம்.

மே 13, புதன்

போனில் பேசினேன். பேசினேன் என்பது தப்பு. கேட்டுக்கொண்டேன்.

"நான் வேலையை விடறேன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"ஒரு பேச்சுக்கு..."

"விசா ஆபீசர்கிட்டயா பேச்சுக்கு? குறைமாசக் குழந்தைங்களைப் பார்க்கற வார்டுக்குப் படிக்கப் போறேன், இங்கயே இருக்கப் போறோம்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன். கணக்குப் பார்ப்பேனாமே கணக்கு! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"இங்கயே இருக்கப் போறோம்னு எழுதறதுக்கு முன்னாடி நீ என்கிட்ட கேட்டியா?"

டக்கென்று போனை வைத்துவிட்டாள்.

கோபம்தான். இல்லாமல் என்ன? ஆனால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது — 'நீ' என்றாள்! இத்தனை மாதமாக 'நீங்க, வாங்க, சாப்பிட்டீங்களா' என்று பேங்க் கவுன்ட்டரில் பேசுவது போலப் பேசியவள். பல் தேய்க்கும்போது சிரித்துவிட்டேன். அம்மா, "சண்டைன்னு சொன்ன, சிரிக்கற?" என்றாள். எனக்கே புரியவில்லை, அவளுக்கு என்னவென்று சொல்ல?

மே 29, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. கணவன் மனைவி பதில்கள் பொருந்தவில்லை, திருமணம் உண்மையானதா என்று சந்தேகம், மேலும் ஆதாரம் தேவை, மறுபடியும் நேர்காணல். அதிலும் திருப்தி இல்லையென்றால் மனு தள்ளுபடி.

பொய்க் கல்யாணமாம்! யாருக்குய்யா பொய்க் கல்யாணம்? ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டது பொய்யா? எங்க சித்தப்பா பொய்யா?

ஃபைல்காரர் மெதுவாகத்தான் சொன்னார்: "ஒரு தடவை தள்ளிட்டாங்கன்னா அப்புறம் சுலபம் இல்ல தம்பி." அவர் மெதுவாகப் பேசினால் விஷயம் பெரியது.

ஜூன் 7, ஞாயிறு

அவள் ட்யூட்டியில் இருக்கும்போது நான் தூங்குகிறேன். நான் மோட்டார் அறையில் இருக்கும்போது அவள் தூங்குகிறாள். அதனால் சண்டையை எழுத்தில் போடுகிறோம். இன்றைய பங்கு:

இங்க வந்து என்ன வேலை செய்யறதா இருக்க?
ஏன், அங்க எல்லாரும் படியேறியா போறாங்க?
லைசென்ஸ் வேணும். பரீட்சை எழுதணும்.
எனக்குப் படிப்பு வராது.
லிஃப்ட் கம்பெனி புத்தகம் மட்டும் தலைகீழா ஒப்பிக்க வருது?

 

ஜூன் 21, ஞாயிறு

உண்மையை அனுப்பிவிட்டேன். யோசித்தால் அனுப்ப மாட்டேன் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பயமா இருக்கு. இங்க நான் போய் நின்னா மாட்டிக்கிட்டவங்க மூச்சு விடறாங்க. அங்க நான் யாரு? சார்ந்திருப்பவர்."



ஜூன் 22, திங்கள்

வேலைக்குக் கிளம்பும்போது பதில் வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"நான் வந்த முதல் நாள் குளியலறைக் குழாயை எப்படித் திறக்கறதுன்னு தெரியல. யாரைக் கேக்கறதுன்னும் தெரியல. தரையில உக்காந்து அழுதேன். அப்ப நீ சாப்பிட்டியான்னு கேட்ட. சாப்பிட்டேன்னு அனுப்பினேன். சாப்பிடல. அன்னைக்கு மட்டும் இல்ல, நிறைய நாள் சாப்பிடல."

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். சத்தம் பைக்கை நிறுத்திவிட்டு வந்து, "என்னடா ஆச்சு?" என்றான். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி இன்றுதான் கேட்டேன்.

ஜூலை 4, சனி

புது ஆதாரம் பிரிண்ட் எடுக்கப் போனேன். கடைப் பெண் இந்த முறை மெஷினை நிறுத்தவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் படித்து எடுத்தாள். பின்னால் ஜெராக்ஸுக்கு வரிசை நின்றது.

"அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. அண்ணி சொல்றதுதான் சரி."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

ஃபைல்காரர் என்னவோ முகமெல்லாம் பல். "அடடா, எப்பேர்ப்பட்ட சண்டை! இதை முதல்லயே போட்டிருக்கக் கூடாதா?" மொழிபெயர்க்கக் கொடுத்திருக்கிறார். அவள் என்னை 'மண்டு' என்று திட்டியதற்கு அந்த மொழியில் என்ன வார்த்தை என்று அரைமணி நேரம் யோசித்தார்களாம்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

அதே அதிகாரி, அதே கண்ணாடி. மேஜை மேல் எங்கள் சண்டை, கட்டாக. அவர் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "கடைசியில யார் ஜெயிச்சதுன்னு கேக்கறாங்க."

"இன்னும் நடந்துக்கிட்டிருக்கு சார்."

முதலில் மொழிபெயர்ப்பவர் சிரித்தார். மொழிபெயர்த்த பிறகு அதிகாரியும் சிரித்தார்.

திட்டத்தை மறுபடியும் கேட்டார்கள். எந்த அலங்காரமும் இல்லாமல் சொன்னேன். அவள் படிக்கிறாள். நானும் லைசென்ஸுக்குப் படிக்க வேண்டும். அங்கேயே இருப்பதா, திரும்புவதா என்று இன்னும் முடிவாகவில்லை. அவள் பக்கம் கொஞ்சம் ஓங்கியிருக்கிறது.

"மனைவியைப் பத்தி உங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருக்கா?" என்று கடைசியாக ஒரு கேள்வி.

"நிறைய இருக்கு. அதுக்குத்தான் போகணும்."

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். வெளியே வந்தபோது சட்டை முழுக்க வியர்வை.

செப்டம்பர் 10, வியாழன்

விசா வந்துவிட்டது.

செப்டம்பர் 11, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. அவளிடம் போனில் சொன்னதும் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "தடிமனா ஒரு ஸ்வெட்டர் வாங்கு. நல்ல நிறமா வாங்கு, உன் ரசனையை நம்ப முடியாது" என்றாள்.

அம்மாவைத் தேற்ற வேண்டியிருக்குமே என்று அறைக்குள் போனேன். என் கட்டிலைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு, டேப்பால் தரையை அளந்துகொண்டிருந்தாள்.

"என் தையல் மெஷின் இங்க நிக்குமான்னு பார்க்கறேன். நீ எப்ப கிளம்பற?"

அக்டோபர் 2, வெள்ளி

விமான நிலையத்தில் சத்தம் அழுதான். காவலர் வந்து என்ன பிரச்சனை என்று விசாரித்துவிட்டுப் போனார். அம்மா அழவில்லை. "ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா எனக்குப் போன் பண்ணாதீங்க, நான் தைச்சுக்கிட்டிருப்பேன்" என்றாள். அப்புறம் என் சட்டைக் காலரை இரண்டு தடவை சரி செய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 9, திங்கள்

காலையில் அவளுக்கு வகுப்பு. பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். குளிர். அவள் கை என் கோட்டுப் பைக்குள் இருந்தது. வழியில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச விஷயம் இல்லாமல் இல்லை. சமையலறை அலமாரியை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதே இன்னும் தீரவில்லை. ஆனால் அவசரம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்குத்தானே வருவாள்.