விளக்கறை ஜன்னலில் ஒரு பந்தயம்

நவம்பர் 3, திங்கள்

பாவெல் சுரங்க வேலையை விட்டுவிட்டான். போன வாரமே சொன்னேன், ஹலினா நம்பவில்லை. பந்தயத்தில் தோற்று இன்று பாப்பி விதை கேக் வாங்கித் தந்தாள். விளக்கறையில் அவளும் நானும்தான். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவனும் எங்கள் ஜன்னலில் விளக்கையும், புகை சூழ்ந்தால் மாட்டிக்கொள்ளும் மூச்சுப்பெட்டியையும் வாங்க வேண்டும்.

"எப்படிடி கண்டுபிடிக்கிற? மந்திரம் கிந்திரம் போடுறியா?"

மந்திரமெல்லாம் இல்லை. வேலையில் இருக்கப்போகிறவன் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவான். விட்டுப் போகப்போகிறவன் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், முத்திரை உடைந்திருக்கிறதா என்று. கடைசியில் சுரங்கக் குளியலறையில் இருக்கும் தன் சோப்பை வீட்டுக்கு எடுத்துப்போவான். அத்தோடு கதை முடிந்தது.

ஏன் அப்படி? போக முடிவெடுத்த பிறகுதான் உயிர்மேல் ஆசை வருகிறதோ?

நவம்பர் 7

எர்வின் இன்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். என் புருஷன் எர்வின்!

"என்ன ஓட்டிலா, புதுசா பாக்குற மாதிரி பாக்குற?" என்றான். எத்தனை வருடமாக வாய்விட்டுக் கேட்காமல் வேண்டிக்கொண்டிருக்கிறேன், இவன் மேலே வந்துவிட வேண்டும் என்று. தன் தம்பி மாதிரி டிராம் ஓட்டலாமே.

நவம்பர் 10

வீட்டில் சோப்பைத் தேடினேன். இல்லை. வெட்கமாக இருந்தது.

நவம்பர் 13

இன்று அவன் குழு முழுக்கப் பெட்டியைப் பார்த்தது. ஒரு குழுவே மொத்தமாகவா போகும்? ஹலினா, "உன் ஜோசியம் கெட்டுப்போச்சு" என்கிறாள். எனக்கும் புரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சாப்பிடும்போது கேட்டேவிட்டேன்.

"வேலைய விடப்போறியா?"

"யார் சொன்னா?"

பிறகு மெதுவாகச் சொன்னான். புது மேற்பார்வையாளர் குபித்சா, வெடிக்கக்கூடிய வாயுவை அளந்து, அது ஏறினால் இயந்திரத்தை நிறுத்தும் கருவியைக் கழற்றி, காற்று வரும் குழாய்க்குப் பக்கத்தில் மாட்டச் சொல்கிறாராம். அங்கே வாயு ஏறாது, இயந்திரம் நிற்காது, கரி குறையாது. அதனால்தான் எல்லாரும் மூச்சுப்பெட்டியைப் பார்க்கிறார்கள்.

போகிற ஆசை இல்லை. பயம்!

"அப்ப விட்டுட்டு வாயேன்!"

"நான் வந்துடுவேன். என் இடத்துக்கு ஒரு சின்னப் பையன் வருவான். அவனுக்கு என்ன தெரியும்? பெட்டியத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்."

கத்தினேன். உருளைக்கிழங்கு உருண்டை ஆறிப்போயிற்று. என் கையாலேயே தினமும் விளக்கைக் கொடுத்து இவனை அங்கே அனுப்புகிறேனே, நான் என்ன பெண்டாட்டி?

நவம்பர் 18

வேலை நேரத்தின் நடுவிலேயே குழு முழுவதும் மேலே வந்துவிட்டது. கருவியைப் பழைய இடத்தில் மாட்டினால்தான் இறங்குவோம் என்றானாம் எர்வின். குபித்சா போட்ட சத்தம் எங்கள் ஜன்னல்வரை கேட்டது. தலைமைப் பொறியாளர் தானே இறங்கிப் பார்த்தார்.

நவம்பர் 20

கருவி பழைய இடத்தில். குபித்சாவுக்கு வேறு வேலை.

இன்று எர்வின் பெட்டியைப் பார்க்காமலே தோளில் போட்டான். பயம் போன இரண்டாம் நாளே! விளக்கை நான் விடவில்லை.

"திருப்பிப் பாரு."

"எல்லாரும் நிக்கிறாங்க, குடு."

"நிக்கட்டும். பாத்தாத்தான் விளக்கு."

பார்த்தான். பின்னால் ஒரே சிரிப்பு. அவர்களுக்கும் அதேதான் என்றேன். சிரிப்பு நின்றது.

டிசம்பர் 4, சுரங்கத்தாரின் காவலரான புனித பார்பராவின் நாள்

இப்போது எல்லாரும் பார்க்கிறார்கள், புதிதாகச் சேர்ந்த பையன்களும்கூட. எவன் போவான், எவன் இருப்பான், எனக்குத் தெரியவில்லை. பந்தயம் ஒழிந்தது என்று ஹலினாவுக்குக் கொண்டாட்டம்.

ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்து கை கழுவப்போனேன். தொட்டி ஓரத்தில், பாதி கரைந்த, எர்வினுடைய சுரங்கத்துச் சோப்பு.