எலிக்கு வெளியே இலை

14.7.2002, ஞாயிறு இரவு

இன்றும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் ஆடினோம். ஆளுக்கு ஒரு விலங்காகி, அதன் வாயாலேயே பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம். பிரவுசிங் சென்டரில் விதிகளை அச்செடுத்து வந்து, இரண்டு வருடமாக நடத்துவது நான். பாபு கரடி, சரவணன் கீரி, காலனியிலிருந்து சைக்கிளில் வரும் முருகன் எலி.

கதையில் மூவரும் மழையில் நனைந்து ஒரு சத்திரத்துக்கு வந்தார்கள். சத்திரக்காரக் கொக்காக நான் பேசினேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். "கரடியாரும் கீரியாரும் உள்ள வாங்க. எலிக்கு வெளியில இலை போடறேன்."

பாபு விழுந்து விழுந்து சிரித்தான். முருகன் பகடையைக் கீழே வைத்தான்.

"உங்க வூட்லயும் எனக்கு அதான நடக்குது. உங்கம்மா முன்னாடி ரூம்ல தறியில உக்காந்துகினு இருக்காங்கன்னு என்னை மட்டும் பின்னாடி படியில ஏத்தற. நான் எதுனா கேட்டனா?"

"டேய், விளையாட்டுக்குடா" என்றேன். அவன் அந்தப் படியிலேயே இறங்கிப் போய்விட்டான்.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள், "அந்தப் புள்ள ஏன் ஜல்தியா பூட்டான்?" தலைவலியாம் என்றேன்.

தன் விலங்கைப் பற்றி அவன் எழுதிய ஆட்டத் தாள் என்னிடம் இருக்கிறது. எலியை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. புலி மீதி இருந்தும், முதல் நாள் அவனே எலியைக் கேட்டு வாங்கினான். அதன் திறமை என்ன என்று எழுதச் சொன்னேன். பென்சிலில் எழுதினான், இன்னும் அழியவில்லை.

எந்த வீட்டுக்குள்ளும் போகும்.