இத்தாவில் படித்த டச்சு

என் உயிர் மச்சானுக்கு,

அல்லாஹ் உங்கள் கப்ருக் குழியை விசாலமாக்கட்டும். நாம் கடல் தாண்டி வந்து குடியேறிய சுகர் லேண்ட் வீட்டு அலமாரியில் உங்கள் சட்டைகள் இன்னும் தொங்குகின்றன. யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களோடு சண்டைதான்.

நம் சபீனா ராட்டர்டாமுக்கு வந்து தன்னோடு இருந்துவிடச் சொல்கிறாள். அதற்கு டச்சுப் பரீட்சை தேற வேண்டுமாம். போனில் ஒரு குரல் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். உங்களை அடக்கியபின் இத்தா என்று வீட்டோடு இருந்த மாதங்களில் நான் எங்கே வெளியே போக? மகள் போனில் பாடம் சொன்னாள். நான் தையல் மேசையில் படித்தேன்.

அவர்கள் இரண்டு சொல்லை ஒட்டி ஒன்றாக்கிவிடுகிறார்கள். நான் கண்ட இடத்தில் பிய்த்து, 'ஸ்லா-ப்கா-மர்' என்றேன்.

"உம்மா, ஸ்லாப்னா தூக்கம், காமர்னா ரூம். ஒட்டுன எடத்துலதான் பிரிக்கணும். மொத துண்ட அழுத்திச் சொல்லு."

தையல் பிரிக்க எனக்குத் தெரியாதா மச்சான்? துணியில் கைவைக்காமல் தையலில் மட்டும் கத்தரி வைத்தேன். முதல் துண்டுக்கு மேசையில் ஓங்கி ஒரு குத்து, மற்றதற்கு மெல்லத் தட்டு. ஸீகன்-ஹௌஸ். ஆஸ்பத்திரி. நீங்கள் திரும்பி வராத இடம். அதற்கு விழுந்த குத்தில் கை வீங்கிவிட்டது.

துக்கம் கேட்க வந்த பக்கத்துத் தெரு ஆன்ட்டி வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டிருக்கிறார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று ஊருக்கே போன் போட்டுவிட்டார். உடனே உங்கள் தம்பி ஊரிலிருந்து அழைத்தார்.

"மைனி, டிக்கெட் போடுறேன். வந்து நம்ம மாடி ரூம்ல சும்மா இருங்க. இனிமே ஒங்களுக்கு எதுக்குப் படிப்பு?"

"அஞ்சாவதோட நிறுத்துனாங்க, வாயத் தொறக்கல. இப்ப நிறுத்த நீங்க யாரு தம்பி?"

நீங்கள் மட்டும் என்ன? சபீனா அங்கே குடிபோன அன்று, "ஒன் நாக்குல டச்சா? மொதல்ல ஊசியில நூலக் கோருடி" என்று சிரித்தவர்தானே. இப்போது காதில் விழுகிறதா?

அவர்கள் நகராட்சிக் கட்டடத்துக்கு ஸ்டட்-ஹௌஸ் என்று பேர். மற்றச் சொல்லெல்லாம் முன்னால் அழுத்தம் வாங்க, இது மட்டும் பின்னால்தான் வாங்குவேன் என்கிறது. அதனாலேயே எனக்கு இதைப் பிடித்துப்போயிற்று.

அடுத்த வாரம் பரீட்சை. தோற்றால் மறுபடி போவேன். மாடி ரூமுக்குப் போக மாட்டேன்.

ஒன்று மட்டும் உறுதி மச்சான். அந்த ஸ்டட்ஹௌஸில் பெயர் பதியும்போது மகளைப் பேச விட மாட்டேன். கணவர் யார் என்று கேட்பார்கள். உங்கள் பெயரை நானே சொல்வேன், இரண்டாம் முறை கேட்கத் தேவையில்லாதபடி.

மேசையைக் குத்திக்கொண்டிருக்கும்
உங்கள் வீட்டுக்காரி, சபீனாவின் உம்மா