நிர்வாகம் நீக்கிய நான்கு நிமிடங்கள்

குளிர் வந்துவிட்டது என்று ஊரே முடிவு செய்துவிட்டதால், நானும் கம்பளித் துணிகளை வெயிலில் போடலாம் என்று இன்று காலை அலமாரியைத் திறந்தேன். அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. எல்லாவற்றுக்கும் அடியில் உன் சாம்பல் நிற ஸ்வெட்டர். இடது முழங்கையில் பிரிந்துபோன இடத்தை நீயே கறுப்பு நூலால் கோணல்மாணலாகத் தைத்திருந்தாய். காமெடி பேச மேடை ஏறும்போது எப்போதும் இதைத்தான் போட்டுக்கொள்வாய், சித்திரை வெயிலிலும். கேட்டால், "உள்ளுக்குள்ள அவ்வளவு எரிச்சலா இருக்கும்போது எனக்குச் சிரிப்பு எப்படி வரும்? வராம இருக்கறதுதானே எனக்கு வேணும்" என்பாய்.

அதை மொட்டைமாடியில் விரித்துப் போட்டுவிட்டு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். உன்னைப் பற்றி மற்றவர்கள் எழுதியதெல்லாம் போதும் என்றாகிவிட்டது. "எல்லோரையும் சிரிக்கவைத்தவள் இன்று அழவைத்துவிட்டாள்" என்ற வரியை மட்டும் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். நீ படித்திருந்தால், "முதல் ஆள் எழுதினப்பவே அது சுமாராத்தான் இருந்துது" என்று சொல்லியிருப்பாய்.

கோவில்பட்டியிலிருந்து வங்காளத்துக்கு, சால்ட் லேக்கில் வேலைக்கு வந்து சேர்ந்த முதல் வாரம் நினைவிருக்கிறது. மொழி தெரியாது, ஊர் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு, யார் எது சொன்னாலும் சிரிப்பது. கேன்டீனில் எங்கள் டீம் லீடர் ஏதோ சொன்னார், நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எதிரில் உட்கார்ந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்த நீ தலையைத் தூக்காமல் தமிழில் கேட்டாய்:

"அவர் சொன்னதுல எது காமெடி?"

அந்த ஊரில் அலுவலகத்தில் நான் கேட்ட முதல் தமிழ் அதுதான். "இல்ல... சும்மா ஒரு மரியாதைக்கு" என்றேன்.

"மரியாதைக்கு வணக்கம் இருக்கே. அதைச் சொல்லிட்டுப் போயேன்."

உன் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. திட்டுகிறாயா, கிண்டல் செய்கிறாயா என்று எனக்குப் புரிய மூன்று நாள் ஆனது. புரிந்த அன்று பேருந்தில் தனியாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மரியாதைக்கானது அல்ல.

நீ இந்த ஊரிலேயே பிறந்தவள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பூர்வீகம் நாகப்பட்டினம் பக்கம். தமிழைவிட வங்காளம் உனக்கு நன்றாக வரும். ஜாதவ்பூரில் நாம் இரண்டு பெண்களும் சேர்ந்து வீடு எடுத்தபோது, கீழ்வீட்டு அம்மாள், நாம் காக்கிமா என்று கூப்பிடுகிறவள், என்னைத் தனியே கூப்பிட்டு, "உன் கூட இருக்கிற பெண் ஏன் எப்போதும் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறாள்?" என்று விசாரித்தாள். இதையே உன்னிடம் பள்ளியில் கேட்டார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள், அலுவலகத்தில் வருடாந்திர மதிப்பீட்டில் "இன்னும் சற்று மலர்ந்த முகத்துடன் இருக்கலாம்" என்று எழுதியே கொடுத்தார்கள். அந்தத் தாளை நீ சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாய்.

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் யார் வேண்டுமானாலும் மைக் பிடிக்கலாம் என்று ஸ்டாண்ட்-அப் காமெடி நடத்துவார்கள். நீ பெயர் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னபோது நான் பயந்துவிட்டேன். அங்கே எல்லோரும் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், கண்ணை உருட்டுகிறார்கள். நீ போய் நட்டுவைத்த கம்பம் போல நின்றாய். வங்காள மொழியில் ஆரம்பித்தாய், நான் தமிழில் எழுதுகிறேன்.

"வணக்கம். நான் இப்போ ரொம்ப சந்தோஷமா இருக்கேன். அதுக்கு உண்டான முகம் இதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. ஆறு நிமிடம் முழுக்க யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் பயத்தில் தப்பான இடங்களில் எல்லாம் சிரித்து வைத்தேன். வெளியே வந்ததும், "அடுத்த தடவை நீ வராதே. வந்தாலும் எனக்காகச் சிரிக்காதே" என்றாய்.

"ஏட்டி, ஒருத்தருமே சிரிக்கலைன்னா உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"சிரிக்கறது அவங்க வேலை. அதையும் நானே ஏன் செய்யணும்?"

நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ கூட்டத்தின் அந்த இறுக்கம் உடைந்தது. "எல்லாரும் கேக்கறாங்க, நீங்க மதராஸியாச்சே, இந்த ஊருக்கு எப்போ வந்தீங்கன்னு. பிறந்தப்போ வந்தேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து, டாக்ஸியில." சொல்லிவிட்டுச் சும்மா நின்றாய். ஒருவன் சிரித்தான். நீ அவனையே பார்த்தாய், ஏதோ தப்பு செய்துவிட்டவனைப் பார்ப்பது போல. பிறகு மொத்த மாடியும் சிரித்தது. அதற்கடுத்து பெண் பார்க்கும் கதை: "பொண்ணுக்கு ஏதாவது வருத்தமான்னு மாப்பிள்ளையோட அம்மா கேட்டாங்க. நீங்க வர்ற வரைக்கும் இல்லைன்னேன்." ஒரு பையன் நாற்காலியோடு சரிந்து விழுந்தான். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி வருவதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்த மடலுக்கு அர்த்தமில்லை.

நம் அலுவலகத்தின் ஆண்டு விழா. வெளியே உன் பெயர் கொஞ்சம் தெரிய ஆரம்பித்திருந்ததால் உனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அப்போது பெண்களை வீட்டில் கொண்டுபோய் விட அலுவலக வண்டி கிடையாது. இரவு எத்தனை மணிக்கு வேலை முடிந்தாலும் மெயின்ரோடு வரை நடந்துதான் போக வேண்டும். ஒருத்தியின் பின்னால் இரண்டு பேர் வந்து தொல்லை கொடுத்த பிறகு நிர்வாகம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியது: பெண் ஊழியர்கள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே உறுதி செய்துகொள்ளவும், உதவி தேவைப்பட்டால் அலுவலக நேரத்தில் தொடர்புகொள்ளவும். நீ அதை ஒரு எழுத்து மாற்றாமல் மேடையில் வாசிக்கப்போவதாக இருந்தாய். வாசித்துவிட்டு, "அதனால எனக்கு வர்ற ஆபத்தையெல்லாம் பத்து மணிலேர்ந்து ஆறு மணிக்குள்ள வரச் சொல்லியிருக்கேன்" என்று முடிப்பதாகத் திட்டம்.

விழாக் குழுவில் நானும் இருந்தேன். ஒத்திகையைப் பார்த்த டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஃப்ரெண்டுதானே, நீங்களே சொல்லிடுங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தேன்.

"அந்த மெயில் வர்ற நாலு நிமிஷத்தை மட்டும் எடுத்துரு" என்றேன் உன்னிடம்.

"நீ சொல்றியா, அவங்க சொல்றாங்களா?"

"அவங்கதான். ஆனா நானும்தான் சொல்லுதேன். எதுக்கு வம்பு? வேல போயிரும்லா."

"அச்சா, சரி. எடுத்துடறேன்" என்றாய்.

எடுத்தாய்தான். மூன்று நிமிடம் பேசினாய், கூட்டம் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அடுத்த நாலு நிமிஷம் நிர்வாகத்தின் வேண்டுகோளுக்கு இணங்க நீக்கப்பட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு நின்றாய்.

சும்மா நின்றாய். மைக் பிடித்த கைகூட அசையவில்லை. முதல் நிமிடம் யாரோ இருமினார்கள், ஒரு ஸ்பூன் கீழே விழுந்தது. இரண்டாவது நிமிடத்தில், என்ன நீக்கப்பட்டது என்று தெரிந்த பெண்கள் உட்கார்ந்திருந்த மேஜையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அது பக்கத்து மேஜைக்குப் போனது. மூன்றாவது நிமிடத்தில் அரங்கமே சிரித்துக்கொண்டிருந்தது; நான்கு பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நீ ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் நேரம் இருக்கிறது என்பது போலக் கையைக் காட்டினாய். முன்வரிசையில் டைரக்டரின் கழுத்து சிவந்துபோயிருந்தது. நான்கு நிமிடம் முடிந்ததும், "நன்றி. தொடரலாம்" என்றாய்.

கண்டதற்கெல்லாம் சிரிக்கிற நான் அன்று சிரிக்கவில்லை. டைரக்டர் திரும்பி என்னைப் பார்த்துவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொண்டு மடியில் இருந்த நிகழ்ச்சி நிரலைப் படித்துக்கொண்டிருந்தேன். மேடையிலிருந்து நீ அதைப் பார்த்தாய். எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் உன்னை ராஜினாமா செய்ய வைத்தார்கள். அதற்கடுத்த மாதம் பெண்களுக்கு வண்டி வந்தது. யாரால் வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. முதல் நாள் அந்த வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தவள் நான். நீ கதவைத் திறந்து, "சீட் நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டாய். நான் வாசலிலேயே அழுதேன். "உள்ள வந்து அழு. காக்கிமா பார்த்தா நான்தான் அடிச்சேன்னு நினைப்பா" என்றாய். நமக்குள் அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. உனக்கு முடிந்தது; எனக்கு இல்லை.

பிறகு உனக்கு மேடையே தொழிலாயிற்று. ஹவுராவில் ஒரு கிளப் விழாவில், பட்டறை வேலை முடிந்து வந்தவர்கள் நடுவே நின்றாய். ஒருவர் எழுந்து, "தீதி, கொஞ்சம் சிரிங்க!" என்று கத்தினார். "நீங்க முதல்ல ஆரம்பிங்க. நான் பின்னாலேயே வர்றேன்" என்றாய். மொத்தக் கூட்டமும் சிரித்தது; நீ பின்னால் போகவே இல்லை. சென்னையில் உன் உச்சரிப்பைக் கேட்டே சிரித்தார்கள். அதையும் எடுத்துக்கொண்டாய்: "தமிழ் எனக்கு வீட்டு மொழி. அதனால எனக்குத் தெரிஞ்ச தமிழெல்லாம் சாப்பாடும் திட்டும்தான். நீங்க எப்படி நடந்துக்கறீங்களோ அதைப் பொறுத்து ஒண்ணு பேசறேன்."

வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும், வந்தவர்கள் எல்லாம் ஒரே மருந்தைச் சொன்னார்கள். சிரித்த முகமாக இரு, நோய் ஓடிவிடும். நீ மருத்துவரிடமே கேட்டாய்: "டாக்டர், நான் முன்னாடியே சிரிச்சிருந்தா இது வந்திருக்காதா?" அவர் பேனாவை வைத்துவிட்டு, "அப்படி ஒன்றும் கிடையாது" என்றார். "இதை ஒரு தாள்ல எழுதித் தாங்க" என்றாய். என்னிடம் தனியாகச் சொன்னது வேறு: "என்னைப் போராளின்னு யாராவது எழுதினா விடாதே. நான் போராடல. க்யூல நிக்கறேன்."

கடைசி நிகழ்ச்சி ஜாதவ்பூரில், அதே காபிக் கடை மாடியில், ஒரு சனிக்கிழமை பிற்பகல். நாற்காலியில் உட்கார்ந்து பேசினாய். ஸ்வெட்டர் உன் மேல் தொளதொளவென்று தொங்கியது. முன்னால் ஒரு பெண் அழ ஆரம்பித்ததும் நிறுத்தினாய். "மன்னிக்கணும். இது சிரிக்கறதுக்கான டிக்கெட். அழறதுக்குக் கவுண்டர் வேற." அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அன்று நானும் சிரித்தேன். தலை குனியாமல், உன் முகத்தைப் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ என்னைப் பார்த்து, மிகச் சிறிதாக, தலையை ஒருமுறை அசைத்தாய்.

ஐந்து வாரம் கழித்துப் போய்விட்டாய்.

பதிமூன்றாம் நாள் உன் அப்பா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மாலை போட்ட படம். அதில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். பல் தெரிய, கன்னம் உப்ப. பெங்களூரிலிருந்து வந்திருந்த உன் தம்பியைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அக்கா சிரிச்ச மாதிரி ஒரு போட்டோகூட இல்லக்கா. அதான் ஆப்ல போட்டு மாத்தினேன். வர்றவங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்ல?"

"வர்றவங்களுக்கு ஆறுதல் சொல்றதுக்கா அவ செத்துப்போனா?" என்றேன். என் குரல் கூடம் வரை கேட்டிருக்க வேண்டும். "உயிரோட இருந்தவரைக்கும் அவளச் சிரிக்கவைக்க யாராலயும் முடியல. இப்போ அவளால வேண்டாம்னு சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சதும் செஞ்சுட்டீங்க."

அவன் கண் கலங்கிவிட்டது. நல்ல பிள்ளை, கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. அப்போது உன் அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். உன்னுடைய அதே முகம், எண்பதை நெருங்கிய வயதில்.

"தம்பி, காலையிலேர்ந்து அந்தப் படத்துக்கு விளக்கேத்தறேன். யாரோட பொண்ணுன்னு தெரியல" என்றார். "என் பொண்ணு யாருக்காகவும் பல்லைக் காட்டினதில்ல. எடுத்துடு."

என் கைபேசியில் இருந்த படத்தைத் தெருமுனைக் கடையில் அச்செடுத்து வந்தேன். மேடையில், ஒருவன் சிரிப்பதை நீ சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற படம். மாலையை அப்பாவே மாற்றிப் போட்டார். அதன் பிறகு வந்தவர்கள் படத்தின் முன் நின்று கொஞ்சம் சங்கடப்பட்டார்கள். படட்டும்.

போன வாரம் அலுவலகத்தில் கூட்டம். டைரக்டர் இன்னும் அவர்தான். இருபது பேர் இருந்தோம். பேச்சுக்கு நடுவே, "நம்ம ஆபீஸ்ல ஒரு காமெடியன் இருந்தாங்களே, பாவம். நாம வெளிய அனுப்பலைன்னா அவங்க ஃபேமஸ் ஆகியிருப்பாங்களா? அந்தப் பெருமை நமக்குத்தான்" என்றார். மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. அவர் கண் ஒவ்வொரு முகமாக வந்து என்னிடம் நின்றது. என் சிரிப்பை அவர் பல வருடமாக வாங்கிப் பழகியவர்.

நான் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்தவர்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. "என்ன, ஜோக் புரியலையா?" என்றார்.

"புரிஞ்சுது சார்."

அவ்வளவுதான் சொன்னேன். ஏதாவது சேர்த்துச் சொல்லி அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று நாக்கு துடித்தது; கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்த பழக்கம். சொல்லவில்லை. அவர் தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, தான் சொன்னது அவ்வளவு சரியில்லை என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

மேஜைக்கடியில் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தேன் ஏட்டி. முகம் மட்டும் அசையவில்லை.