குடியிருப்பவள்

அக்டோபர் 9

வந்து மூன்று நாள் ஆகிறது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஆறு வருஷம் பூட்டிக் கிடந்த வீடு. பின்னறை ஒழுகுகிறது. குளியலறைக் கதவு கையோடு வந்துவிட்டது. தம்பி சட்டம் எல்லாம் விளக்கித்தான் கொண்டுவந்து விட்டான். விவசாய நிலத்தில் புது வீடு கட்ட அனுமதி கிடையாதாம். பழைய வீட்டில் ஆறு மாதமாவது ஆள் குடியிருந்தால், அதை இடித்துவிட்டு அங்கேயே கட்டிக்கொள்ளலாம். ஆள் இல்லாவிட்டால் அது கைவிடப்பட்ட வீடு, அதோடு சரி. ஆக, ஓர் ஆள் வேண்டும். வேறு யார்? பதினோரு வருஷமாக அவன் ஃப்ளாட் ஹாலில் படுத்துக் கிடக்கிற அக்காதான்.

"ஆறு மாசம் இருந்தாப் போதும்க்கா. புது வீட்ல உனக்குன்னு ஒரு ரூம்" என்றான். தையல் கடை வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். சொந்தமாக ஒரு ரூம். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு வேறென்ன வேண்டும்?

அக்டோபர் 21

தினமும் காலை ஏழரைக்கு போன். சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஒன்றும் கிடையாது. "மீட்டர் எவ்வளவுக்கா?" கரண்ட் ஓடியிருந்தால்தான் ஆள் இருந்ததாக, அனுமதி கொடுக்கிற ஆபீசில் நம்புவார்களாம். நான் ஒருத்தி ஒரு பல்பு போட்டு யூனிட் ஏறவில்லை. எல்லா அறையிலும் ஃபேனை ஓடவிடு என்கிறான். ஃப்ளாட்டில் நான் ஃபேனை இரண்டில் வைத்தால் அவன் பெண்டாட்டி வந்து ஒன்றுக்குத் திருப்பிவிட்டுப் போவாள். இங்கே நான் மகாராணி.

டிசம்பர் 14

குளிர் தாங்கவில்லை. ஃபேன் ஓடுகிறது.

டிசம்பர் 19

நாலு நாளாகக் காய்ச்சல். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. தம்பியிடம் சொன்னேன். அன்றைய மீட்டரைக் கேட்டுக் குறித்துக்கொண்டான். அப்புறம், "ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு போய்ப் படுத்துடாதக்கா. வீடு காலியா இருந்தா கணக்குல வராது" என்றான்.

சனியன். நான் இடுப்புல தூக்கி வளர்த்த சனியன். அவனுக்கு அம்மை போட்டப்போ பக்கத்துல படுத்தது யாரு? பெண்டாட்டியா?

மாத்திரை ஒன்று பழைய பையில் கிடந்தது. காலாவதியானது. போட்டுக்கொண்டேன்.

மார்ச் 2

தம்பியும் அவன் பெண்டாட்டியும் பிளான் போடுகிற இன்ஜினியரோடு வந்தார்கள். என் கட்டிலிலேயே பிளானை விரித்தார்கள். சட்டப்படி மூன்று படுக்கையறைக்கு மேல் கூடாதாம். ஒன்று இவர்களுக்கு, ஒன்று பையனுக்கு, ஒன்று பெண்ணுக்கு. என் ரூம் எது என்று கேட்டேன். இன்ஜினியர் பாவம், விவரம் தெரியாத மனுஷன். "நீங்களும் இங்கதான் இருக்கப் போறீங்களா? யாரும் சொல்லலையே" என்றார்.

தம்பி வெளியே போய் காரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான். அவன் பெண்டாட்டி மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் விரலை வைத்தாள். "சாமான் ரூம்தான். அக்கா ஒடிசலான ஆளுதானே, காலை மடக்கிப் படுத்துக்கலாம்."

ஜன்னல் கூட இல்லை. நான் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஏப்ரல் 16

இன்று ஆபீசர் அம்மா வந்தாள். கூரையைப் பார்த்தாள், அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், ஆறு மாத கரண்ட் பில்லையும் புரட்டினாள். எல்லாம் திருப்தி. தம்பி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றான். கடைசியாக என்னைக் கேட்டாள்: "நிரந்தரமா இங்கதானே குடியிருக்கீங்க?"

"இல்லம்மா. தம்பி வீட்டு ஹால்லதான் இருக்கேன். உங்களுக்குக் காட்டறதுக்காக என்னை இங்க கொண்டுவந்து வெச்சிருக்காங்க."

அப்படியே எழுதிக்கொண்டாள். கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன். தம்பி முகத்தில் ஈயாடவில்லை. அவன் பெண்டாட்டி படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எதற்கு? ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 17

போன் வரவில்லை.

ஏப்ரல் 24

ஃப்ளாட்டுக்குப் போனேன். தம்பி பெண் சங்கிலியைக் கழற்றாமலே கதவைத் திறந்தாள். என் பெட்டி வெளியே செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் இருந்தது. "அத்தை, உங்களை உள்ள விடக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு" என்றாள். அம்மா சொன்னாள் என்று சொல்லியிருக்கக் கூடாதா, அந்தக் குழந்தை?

தையல் கடையிலும் கேட்டுப் பார்த்தேன். என் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கே திரும்ப பஸ் ஏறினேன்.

மே 11

நாலு நாளைக்கு முன் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். கைவிடப்பட்ட வீடு, முப்பது நாளில் இடிக்க வேண்டும், நிலம் விவசாயத்துக்கு. இன்று ஆபீசுக்குப் போனேன். அதே அம்மா. எனக்குப் போக்கிடம் இல்லை, இப்போது நான் அங்கேதான் குடியிருக்கிறேன், இது சத்தியம் என்றேன். அவள் கோபப்படவில்லை. ஃபைலை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"குடியிருக்கலன்னு நீங்களேதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

ஆமாம், என் கையெழுத்துதான். திரும்பி வந்து சோறு வைத்தேன். இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது.