எர்னஸ்டின் சட்டையில் அடித்த வாடை

சித்தூர்
1938 ஜூலை 4, திங்கள்

திருப்பதியிலிருந்து கூட்ஸ் வண்டியில் பலகை வந்து சேர்ந்தது. தூங்குமூஞ்சி மரம். என்னைப் போல் இரண்டு பேர் வரிசையாகப் படுத்தாலும் மிச்சம் இருக்கும். எட்டு ஆள் தூக்கி எர்னஸ்டின் தச்சுப் பட்டறையில் வைத்தார்கள். ரெயில்வே துரையின் தோட்டத்துக்கு மேசையாம். சொல்லும்போது எர்னஸ்ட் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெற்றவளிடம் மேசையைப் பற்றிச் சொல்ல என்ன கூச்சம்?

ஜூலை 9

மேசைக்கால்களை அளந்து பார்த்தேன். என் நெஞ்சுக்கு வருகிறது. நாற்காலி எத்தனை என்று கேட்டேன்.

"நாற்காலி கெடையாதும்மா."

கீழ்த்தட்டில் வட்டவட்டமாக ஓட்டை வேறு. ஐந்தாவதுதான் படித்தேன், அதற்காக ஒன்றும் தெரியாதா? அது புட்டி நிற்கிற ஓட்டை. நின்றுகொண்டு குடிக்கிற மேசை.

ஜூலை 12

பலகையின் ஓரம் நெளிந்து நெளிந்து போகிறது. பட்டையை மட்டும் உரித்து அப்படியே விட்டிருக்கிறான். மிஷன் தொழிற்பள்ளியில் நூல் பிடித்து அறுக்கக் கற்றவன். கோயில் பெஞ்சுகள் அவன் செய்தவை, எதிலும் இம்மி கோணல் கிடையாது.

"ஓரம் இன்னாடா இப்படி?"

"மரம் வளந்த மாதிரியே வோணும்னு துரை சொல்லிகினு இருக்காரும்மா."

கோணலுக்கு யாராவது கூலி கொடுப்பார்களா?

ஜூலை 15

எர்னஸ்டின் சட்டையைத் துவைக்க எடுத்தேன். சாராய வாடை.

ஜூலை 16

அந்த வாடை எனக்குத் தெரியும். என்னைப் பெற்ற நைனா தினமும் அதோடுதான் வீட்டுக்குள் வருவார். என்னை ஐந்தாவதோடு நிறுத்தியது அதுதான்.

பட்டறை அலமாரிக்குப் பின்னால் நான்கு புட்டி. ஒன்றைத் திறந்து மோந்தேன் — அதேதான். மேலே இங்கிலீஷில் சீட்டு. கிரேஸ் எட்டாவது, படித்துவிடுவாள். பேத்தி முன்னால் போய், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் நிற்பதா?

குடித்துக் கை நடுங்கித்தான் ஓரம் கோணிப்போனதோ?

ஜூலை 20

எங்கள் கோயில் போதகர் அசரியா ஐயர் வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை புதிய சபை மூப்பர் பெயர்களை வாசிப்பார்கள். எர்னஸ்ட் பெயர் முதலில். நற்கருணைத் தட்டை நீட்டுவது மூப்பர்தான்; குடிக்கிற கை நீட்டும் தட்டிலிருந்து நான் எப்படி அப்பம் எடுப்பேன்? சொல்லிவிட்டேன்.

"உங்களுக்கு நல்லாத் தெரியுமா ஞானம்மா?"

"மோந்து பாத்தேன் ஐயரே."

யார் சொன்னது என்று வெளியே விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பெற்ற பிள்ளை. ஆனாலும் சரிதானே?

ஜூலை 24, ஞாயிறு

அவன் பெயரை வாசிக்கவில்லை.

ஜூலை 25

குடிப்பதாகப் புகார் வந்தது என்று மட்டும் ஐயர் எர்னஸ்டிடம் சொன்னாராம். மரம் அறுக்கிற கங்கையாவை அவன் வேலையிலிருந்து நிறுத்திவிட்டான். பட்டறைக்குள் வந்து போகிற வெளியாள் கங்கையா ஒருவன்தான்.

"நான் குடிக்கிறேன்னு ஐயர்கிட்ட நீதானே வத்தி வச்சே?"

"ஐயர் வூட்டு வாசலக்கூட நான் மிதிச்சதில்ல எர்னஸ்ட்டு. உன் சாமி வேற, என் சாமி வேற. ரெண்டு மேலயும் சத்தியம் பண்ணட்டுமா?"

நான் தண்ணீர் சேந்துவதுபோல் கிணற்றடியிலேயே நின்றேன்.

ஜூலை 28

மூன்று நாளாகக் கங்கையாவுக்கு வேலை இல்லை. அது என்னால். கடைசியில் ஒரு புட்டியை எடுத்துப்போய்க் கிரேஸிடம் நீட்டினேன்.

"ஆயா, இது குடிச்சா செத்துடுவாங்கன்னு போட்டிருக்குது. நைனா இதுல அரக்கைக் கரைச்சி மரத்துக்குப் பூசுவாரு. பளபளன்னு வரும். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. கோயில் பெஞ்சுக்கு எண்ணெய்தானே பூசினான்.

ஜூலை 29

ஐயரிடம் போய்ச் சொன்னது நான்தான் என்று எர்னஸ்டிடம் சொன்னேன். இழைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"மேசை குடிக்கறதுக்குத்தான். சொன்னா வோணாம்பேன்னு மறைச்சேன். அது என் தப்பு. நான் குடிக்கிறேன்னு எப்பிடிம்மா நெனச்சே?"

முதலில் ஐயர் வீட்டுக்குப் போனேன். அடுத்து கங்கையா வீட்டுக்கு. அந்தத் தெருவில் நான் இதுவரை கால் வைத்ததில்லை. அவன் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேட்டான்:

"உன் மூக்கு என் நாலு நாள் கூலியத் துன்னுடுச்சே ஆயா."

ஆகஸ்டு 6

மேசை துரை தோட்டத்துக்குப் போயிற்று. கங்கையாவும் ஒரு பக்கம் தூக்கினான். வண்டியில் ஏற்றும்முன் அந்த நெளிந்த ஓரத்தை முழுநீளமும் தடவிப் பார்த்தேன். கையில் ஒரு சிராய்கூடக் குத்தவில்லை.

மூப்பர் இடத்துக்கு எர்னஸ்டுக்குப் பதில் சபையில் தனராஜைப் போட்டாகிவிட்டது. அடுத்த முறை பார்க்கலாம் என்றாராம் ஐயர்.

அக்டோபர் 11

ஜில்லா முழுக்க மதுவிலக்கு வந்து பத்து நாள் ஆகிறது. நான் எத்தனை வருஷம் ஜெபித்த காரியம். சந்தோஷம்தான்.

எர்னஸ்ட் இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போய், சட்டையைக் கழற்றி அலசிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறான். ஜூலையிலிருந்து அப்படித்தான். நான் சொல்லவில்லை. அவனும் ஏன் என்று சொல்வதில்லை.

இன்று நான் முன்னாலேயே போய்க் கிணற்றடியில் நின்று, சட்டையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அலசவில்லை. உள்ளே கொண்டுவந்து என் கட்டிலுக்கு மேலே கொடியில் போட்டேன்.

அறை முழுக்க அந்த வாடை. இருக்கட்டும்.